கடன் யென்னில், சம்பளம் குரோனாவில்

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ்லாந்து என்றதும் பனியும் எரிமலையும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் பேச நினைப்பது அந்த நாட்டு மக்கள் வாங்கிய கடனைப் பற்றி.

மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாடு. மீன்பிடிதான் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 2003-க்குள் அரசு வங்கிகள் தனியார் கைக்கு மாறின. அப்புறம் கௌப்திங், லான்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர் என்ற மூன்று வங்கிகளும் வெளிநாட்டில் கடன் வாங்கி வாங்கியே பெருத்தன. 2008-இல் அவற்றின் சொத்துக் கணக்கு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு! இவை தள்ளாடினால் தாங்கிப் பிடிக்க அந்தச் சிறிய நாட்டின் மத்திய வங்கியால் எப்படி முடியும்?

விலைவாசியை அடக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது; 15 சதவீதத்தையும் தாண்டியது. அந்த வட்டிக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பணம் வந்து குவிய, அந்நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு உயர்ந்தது. ஜப்பானிய யென்னிலோ சுவிஸ் பிராங்கிலோ கணக்கு வைத்துக் கார் கடன் வாங்கினால் வட்டி மிகக் குறைவு. கடன் கொடுத்தவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலிவான கடன் கண்ணெதிரே இருக்கும்போது 15 சதவீதத்துக்கு யார் வாங்குவார்கள்?

2008 அக்டோபரில் சில நாட்களுக்குள் மூன்று வங்கிகளும் விழுந்தன. குரோனாவும் சரிந்தது. யென் கணக்கில் 20 லட்சம் குரோனா வாங்கியவருக்குப் பாக்கி 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சம்பளம் அதே குரோனாதான். வேலை போகாமல் இருந்தால்! காரை விற்றாலும் கடன் அடையாது. 2009 ஜனவரியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் நாடாளுமன்றத்தின் முன்னால் மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மாதமே அரசு பதவி விலகியது.

குரோனாவில் கொடுத்துவிட்டு வெளிநாட்டு நாணயத்தோடு முடிச்சுப் போட்ட கடன்கள் சட்டவிரோதம் என்று 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை விலைவாசியோடு இணைக்கப்பட்டவை. விலைவாசி ஏற ஏற அசலும் ஏறும். பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டிய நேரம் அது. மாதாமாதம் ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கும் அசல் கூடியது. அது சட்டப்படி செல்லும் ஏற்பாடு என்பதால் நீதிமன்றத் தீர்ப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. இந்த வகைக் கடன்களுக்குப் பரவலாக அரசு ஓரளவு தள்ளுபடி தந்தது 2014-இல்தான். அது மிகத் தாமதம் என்றே நான் நினைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.