பூட்டிய அறைக்குள் போக முடிந்தது கைப்பேசியால்தான் (பட்டிமன்ற உரை)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மனச்சோர்வில் தவிக்கிற பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசிச் செயலியும், அதன் வழியாகப் பேசி வழிகாட்டுகிற ஹெல்த் கோச் என்கிற ஆளும் கைகொடுக்குமா, கொடுக்காதா? கொடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன். குறிப்பெல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணன் போட்டார் பாருங்கள் ஒரு போடு, அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. "மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு மனுஷன் தேவை. இவர்கள் சார்ஜரை நீட்டுகிறார்கள்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அண்ணே, அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. கதவுக்கு வெளியே மனுஷர்கள் இல்லாமலா போனார்கள்? அம்மா நிற்கிறாள். அப்பா நிற்கிறார். "என்னடா ஆச்சு?" "ஒண்ணுமில்லை." "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" "விடும்மா." "வந்து சாப்பிடு." "பசிக்கலை." மனுஷர்களுக்குப் பஞ்சமே இல்லை. கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது. அந்த அறைக்குள் எதற்கு அனுமதி இருக்கிறது? கைப்பேசிக்கு மட்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1966. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். ஜோசப் வைசன்பாம் என்கிற பேராசிரியர் கணினியில் ஒரு நிரல் எழுதினார். பெயர் எலைசா. மனநல மருத்துவர் பேசுவது போலப் பேசும். புத்தியெல்லாம் கிடையாது, நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அம்மாவைப் பற்றி எழுதினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ஒருநாள் அவருடைய செயலாளர் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நாலைந்து வரி போயிருக்கும். திரும்பிப் பார்த்து, "ஐயா, நீங்கள் கொஞ்சம் வெளியே போக முடியுமா?" என்றார்.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்ட வேண்டாம். மறுபடி சொல்கிறேன், அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். அந்த நிரல் உருவானதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்தவர் அவர். உள்ளே ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஏமாந்து போனவர் இல்லை. எல்லாம் தெரிந்தவர், அதைப் படைத்த மனிதரையே வெளியே போகச் சொல்கிறார். உயிருள்ள மனுஷன், படித்தவர், தெரிந்தவர், பக்கத்திலேயே நிற்கிறார். அவர் வேண்டாமாம். ஏன்? அவர் கேட்டுவிடுவார் ஐயா. கேட்டால் நினைவு வைத்துக்கொள்வார். நாளைக் காலையில் வேலைக்கு வரும்போது ஒரு மாதிரி பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் உலகத்தில் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை.

இப்போது அந்த அம்மாவின் நாற்காலியில் பதினைந்து வயசுப் பெண் ஒருத்தியை உட்கார வையுங்கள். வகுப்பில் கேலி. இரவில் தூக்கம் இல்லை. வரைவதில் அவளுக்கு உயிர். மூன்று மாதமாக அதைத் தொடவில்லை. காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறாள். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடும். இந்த வயசில் அது கோபமாகவும் எரிச்சலாகவும் வெளியே வரலாம். வீட்டில் அதற்கு வைக்கிற பெயர் திமிர். இவள் வாய் திறந்து அம்மாவிடம் சொல்லலாமே என்கிறார் அண்ணன். சொல்லலாம். ஆனால் சொன்னால் அம்மா இடிந்து போவாள் என்று அவளுக்குத் தெரியும். பாசம் இல்லாததால் மௌனமாக இருக்கிற பிள்ளைகளை விட, பாசத்தினால் மௌனமாக இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம் என்று நான் நம்புகிறேன். இரவு இரண்டு மணிக்கு அவள் செயலியைத் திறந்து, "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்விக்குக் கீழே "ரொம்ப மோசம்" என்பதைத் தொடுகிறாள். அண்ணே, பகல் முழுக்க ஆறேழு பேரிடம் "ஒண்ணுமில்லை" என்று சொன்ன பிள்ளை அது. அன்றைக்கு அது சொன்ன முதல் உண்மை, அந்த ஒரு தொடுதல். அதைப் போய்ச் சார்ஜர் என்று சொல்லலாமா?

அண்ணன் வேகமாகக் குறிப்பெடுக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிகிறது. அந்த வைசன்பாமே பயந்துபோனாரே, இயந்திரத்தை மனுஷன் இப்படி நம்பக்கூடாது என்று கடைசிவரை எச்சரித்தாரே என்று கேட்பார். கேளுங்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இன்றைய தலைப்பில் செயலிக்குப் பக்கத்தில் கோச் என்று ஓர் ஆள் இருக்கிறார். அண்ணன் தன் உரையில் செயலியை மட்டும் பிடித்து உலுக்கினார். கோச் பக்கம் போகவே இல்லை.

செயலி தனியாகப் போதாது என்று நானே சொல்கிறேன். 2019-இல் மனநலச் செயலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்து ஓர் ஆய்வு வந்தது. பதிவிறக்கி முப்பது நாள் கழித்து அதைத் திறந்து பார்க்கிறவர்கள், செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற செயலியில், 3.3 சதவீதம். நூறு பேரில் மூன்று பேர்! ஏன் விட்டுவிடுகிறார்கள்? மனச்சோர்வின் குணமே அதுதான். எழுந்து முகம் கழுவுவதே பெரும்பாடாக இருக்கிற பிள்ளை, செயலி "டிங்" என்றதும் எழுந்து பயிற்சி செய்யுமா? டேவிட் மோர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2011-லேயே இதைச் சொன்னார்கள்: தன்னை அக்கறையோடு எதிர்பார்க்கிற ஒரு மனுஷர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்தால், ஆட்கள் தொடர்ந்து செய்வார்கள்.

அந்த மனுஷர்தான் கோச். அவர் மருத்துவர் இல்லை. மாத்திரை எழுதுவதில்லை, நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பதில்லை. பிள்ளை பதிவு செய்ததைப் பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை பேசுகிறார். "செவ்வாய்க்கிழமையிலிருந்து தூக்கமே இல்லை போலிருக்கே?" என்கிறார். "மனசு சரியானதும் வெளியே போகலாம்னு காத்திருக்காதே. அஞ்சு நிமிஷம் நட. மனசு பின்னாலேயே வரும்" என்கிறார். மனநல மருத்துவத்தில் நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி இது: செயல் முதலில், உற்சாகம் பிறகு. நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதற்கும் அவருக்குப் பயிற்சி உண்டு. அண்ணன் கேட்ட மனுஷன் இவர்தான். கைப்பேசி வழியாக அந்த அறைக்குள் போயிருக்கிறார்.

ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. நியூசிலாந்தில் ஸ்பார்க்ஸ் என்று ஒரு கணினி விளையாட்டு செய்தார்கள். ஏழு நிலைகள். பிள்ளை ஒரு பாத்திரமாக மாறி, மனசைக் கருக்குகிற எண்ணங்களைத் துரத்தித் துரத்தி அடிக்க வேண்டும். 12 முதல் 19 வயது வரை 187 பேரிடம் சோதித்து 2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சைக்கு அது குறைந்ததாக இல்லை. ஆய்வு விதிப்படி முடித்தவர்களில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், விளையாடிய பக்கம் 43.7 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 26.4 சதவீதம். இது லேசான, நடுத்தரமான சோர்வுக்கு. கடுமையானதற்கு மருத்துவர்தான், அதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்கிறது. அத்தனை பேருக்கும் உட்கார்ந்து பேச மருத்துவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்?

எண்கள் போதும் ஐயா. இனி வருவது வாதமா என்று எனக்குத் தெரியாது, சொல்லாமல் இறங்க முடியாது.

1935. இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊர். சாட் வாரா என்ற இளம் பாதிரியார். அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு ஒரு சின்னப் பெண்ணுக்கு. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். காரணம் என்ன தெரியுமா? முதல் முறை மாதவிடாய் வந்திருக்கிறது. ஏதோ தகாத நோய் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். யாரிடமும் கேட்க முடியவில்லை. மனுஷர்கள் இல்லாத ஊரா அது, அண்ணே? ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "இது எல்லாருக்கும் வருவதுதான் கண்ணு" என்று ஒரே ஒரு பதில் வந்திருந்தால் போதும். பேரன் பேத்தி எடுத்திருப்பாள்!

அந்தப் பாதிரியாரால் அவளை மறக்க முடியவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1953-இல், லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, உயிரை விட நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். அதுவும் கருவிதானே? கம்பிதானே? அவரைப் பார்க்க நேரிலும் கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசிவிட்டுப் பலர் தன்னைப் பார்க்காமலே மனசு லேசாகிப் போகிறார்கள். அடுத்த சில மாதங்களில் அந்த வேலையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். பட்டம் வாங்காதவர்கள்; காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள். நான் கோச் என்று சொன்னபோது என் மனசில் இருந்த முகம் அவர்களுடையதுதான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. ஒரு நிமிஷம் கொடுங்கள். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். பின் வரிசையில் சில பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

தங்கம், செயலியில் எழுது, கோச்சிடம் பேசு, அதெல்லாம் நல்லது. ஆனால் இனி இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு ராத்திரி வந்தால், அப்போது திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. அவசர உதவி எண்ணைக் கூப்பிடு. கூப்பிடவும் முடியவில்லையா, கதவைத் திறந்து வெளியே வந்துவிடு. வீட்டில் யார் தூங்கினாலும் தட்டி எழுப்பு. என்ன சொல்வது என்று யோசிக்காதே, "பயமா இருக்கு" என்ற ரெண்டு சொல் போதும். அம்மா அழுவாள். அழுதால் அழட்டும், நீ எழுப்பு.

நன்றி, வணக்கம்.