கேட்டு வாசிப்பவர் அலாஸ்கா கப்பலில் வேலைக்குப் போகலாமா?

அடுத்த கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து. ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாணம், திருவிழா என்று லைட் மியூசிக் குழுவிலும் போகிறேன். அலாஸ்கா போகிற சொகுசுக் கப்பலில் மியூசிஷியன் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். எனக்கு நோட்டேஷன் தெரியாது, காதால் கேட்டுத்தான் வாசிப்பேன். போகலாமா அண்ணா? அங்கே பனிமலையெல்லாம் பார்க்க முடியுமா?"

தம்பி, பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

முதலில் நோட்டேஷன், அதாவது காகிதத்தில் எழுதிய இசைக்குறி. நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து லைட் மியூசிக் ஆட்களுக்குக் காது அபாரம். பாட்டு தொடங்குகிற நேரத்தில் பாடகர் "ஒரு ஸ்கேல் இறக்குங்க" என்பார். ஸ்கேலைத் தானே மாற்றித் தருகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு அதே விரலில் வாசித்து முடித்துவிடுவோம். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் கப்பலில் லவுஞ்சில் நிற்பது பெரும்பாலும் கிராண்ட் பியானோ. அதில் அந்தப் பட்டன் கிடையாது. பன்னிரண்டு ஸ்கேலும் விரலில் இருக்க வேண்டும்.

பெரிய கப்பல்களில் ஷோ பேண்டு என்று ஒரு குழு இருக்கும். வழியில் ஒரு துறைமுகத்தில் ஒரு பாடகர் ஏறுவார், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு. டிரம்ஸுக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கங்கள். மதியம் ஒரே ஒரு ரிகர்சல். இரவு அரங்கம் நிறைய ஆட்கள், அதே நிகழ்ச்சி இரண்டு முறை. அந்தப் பக்கங்களில் முன்பு வாசித்தவர்களின் பென்சில் குறிகள் கிடக்கும்: இந்த எட்டு பார் (தாளச் சுற்று) வேண்டாம், இங்கே பாடகர் பேசி முடிக்கும்வரை இரண்டு பாரையே சுற்று, இங்கிருந்து நேராகக் கோடாவுக்கு, அதாவது முடிவுப் பகுதிக்குத் தாவு. காதில் வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். "ஒருமுறை கேட்டுவிட்டு வாசிக்கிறேன்" என்று சொல்ல அங்கே நேரமே இல்லை. ஆடிஷனிலும் அப்படித்தான். வீடியோ அழைப்பில் வந்து, அதுவரை நீங்கள் பார்க்காத ஒரு பக்கத்தை அனுப்பி, உடனே வாசிக்கச் சொல்வார்கள்.

எல்லாக் கப்பல் வேலைக்கும் இது வேண்டும் என்றில்லை. நடனத் தளத்துக்கு வாசிக்கிற பார்ட்டி பேண்டில் கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயர் எழுதிய தாள் போதும். ஆனால் அங்கே அறுபதுகளிலிருந்து இன்றுவரை நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பாட்டுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும், கூடவே பாடவும் தெரிந்தால் வாய்ப்பு அதிகம். எப்படியானாலும் நோட்டேஷன் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சர்ச்சில் நான்கு குரலுக்கும் நோட்டேஷன் போட்ட பாட்டுப் புத்தகம் இருந்தால் அதுவே போதும், அருமையான பாடம். தினமும் ஒரு புதுப் பக்கம் எடுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வையுங்கள். தப்பு வந்தாலும் நிற்காமல் கடைசிவரை போங்கள். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம், வேறு பக்கம். மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வு முடித்த சிலர்கூட இதில் தடுமாறுவார்கள், ஏனென்றால் சில பாட்டுகளையே மாதக்கணக்கில் பழகியிருப்பார்கள். பார்த்த நொடியில் வாசிப்பது தனிப் பழக்கம்.

சரி, பனிமலை. பார்க்கலாம் தம்பி, நிச்சயம் பார்க்கலாம். அலாஸ்கா சீசன் என்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர்வரை. கப்பல்கள் பெரும்பாலும் சியாட்டிலிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ கிளம்பி, கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று போகும். ஜூனோ ஒரு மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போக சாலையே இல்லை. கப்பல் அல்லது விமானம்தான். கெட்சிகனில் நம் ஊரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மழை பெய்யும், ரெயின்கோட் இல்லாமல் இறங்காதீர்கள். ஜூன் மாதம் ஜூனோவில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். வாசித்து முடித்து வெளியே வந்தால் அப்போதும் வெளிச்சம் இருக்கும்.

கிளேசியர் பே என்கிற தேசியப் பூங்காவுக்குள் போகும் நாள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நாள். 1794-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது வளைகுடாவின் வாயையே பனி அடைத்திருந்தது. இன்று கப்பல் சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போனால்தான் அந்தப் பனிச்சுவர். அன்று பகலில் பயணிகள் எல்லோரும் வெளித்தளத்தில் நிற்பார்கள், அதனால் பெரும்பாலும் நமக்கும் ஓய்வு. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று, இரண்டு பக்கத்து ஆட்களும் பார்க்கட்டும் என்று மெல்லத் திரும்பும். பாதுகாப்புக்காகத் தள்ளித்தான் நிற்கும். சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிவது கண்ணுக்குத் தெரியும். அது தண்ணீரைத் தொடுகிற நேரத்தில்தான், ஒரு நொடிக்கும் மேல் பிந்தி, இடி மாதிரி சத்தம் வந்து நெஞ்சில் மோதும். தாளம் பழகிய ஆளுக்கு அந்த இடைவெளி மறக்கவே மறக்காது.

ஆனால் உங்கள் அறையில் ஜன்னல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் இரண்டு பேருக்கு ஒரு சின்ன அறை, அடுக்குக் கட்டில். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்திய ஆட்கள் நிறைய இருப்பதால் சோறு எப்போதும் கிடைக்கும். மாலையில் முக்கால் மணி நேரம் வாசிப்பு, கால் மணி நேரம் இடைவெளி என்று மூன்று, நான்கு செட். அதோடு பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. ஆபத்து நேரத்தில் பயணிகளைப் படகுப் பக்கம் அனுப்புகிற பொறுப்பு பேண்டு ஆளுக்கும் வரும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் நீரில் உயிர் காத்தல், தீயணைப்பு, முதலுதவி அடங்கிய எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பயிற்சி. சென்னையிலேயே படிக்கலாம். கூடவே மருத்துவச் சான்று, கப்பல் ஊழியருக்கான சிடிசி அடையாளப் புத்தகம், அமெரிக்கத் துறைமுகம் என்பதால் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசா. கிடார், வயலின் வாசிக்கிறவர்கள் பெட்டிக்குள் ஈரப்பதப் பை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக் காற்றில் இருந்த மரம் அங்கத்திய ஏசி அறையில் காய்ந்து சுருங்கிவிடும்.

இப்போது அந்த இரண்டு லட்சம். கப்பல் தொழிலாளருக்கான சர்வதேச ஒப்பந்தம் 2006-ல் வந்தது, இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சிடிசி ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். அவரிடம் அந்த உரிம எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண்ணைத் தராமல் "முதலில் அட்வான்ஸ் போடுங்க தம்பி" என்றால், அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.