தட்டு கழுவியதை எழுதலாமா? புதிய பொது மேலாளர் அறிமுகம் குறித்த ஒரு சந்தேகம்

வணக்கம். உணவகம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் உணவகத்துக்குப் புதிய பொது மேலாளர் வரப்போகிறார். அவரை அறிமுகப்படுத்தி ஒரு பக்கம் எழுதும்படி முதலாளி சொல்லியிருக்கிறார். ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அதே பக்கம்தானாம். வருகிறவர் தட்டு கழுவுபவராகத் தொடங்கி, பரிமாறுபவர், கேப்டன் (பரிமாறுபவர்களுக்குத் தலைவர்), பயணக் கப்பலில் உணவுக்கூட மேற்பார்வையாளர், பெரிய ஹோட்டலின் விருந்துப் பிரிவு, பிறகு ஓர் உணவகத்தில் உதவி மேலாளர் என்று வந்திருக்கிறார். நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி. "தட்டு கழுவியதை எழுதினால் அவருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமா? இடைவெளியை என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அவருக்குச் சம்மதமென்றால் தாராளமாக எழுதுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலேயே கனமான வரி அதுதான்.

பொது மேலாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சமையலறைக்குத் தலைமை செஃப் இருக்கிறார், கூடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். இந்த இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும்போது தீர்த்து வைப்பது, ஆள் எடுப்பது, ஷிஃப்ட் போடுவது, சரக்குக் கணக்கு, உரிமம், சுகாதார ஆய்வு, மாதக் கடைசியில் லாப நஷ்டம், எல்லாம் பொது மேலாளர் தலையில்தான் விழும். கூட்டம் நெரியும் இரவில் கழுவும் தொட்டி தேங்கிவிட்டால் என்ன ஆகிறது? சுத்தமான தட்டு வராது. தட்டு வராததால் தயாரான உணவு உள்ளேயே ஆறிப்போகும். சாப்பிட வந்தவர் எழ நேரமாகும், மேசை காலியாகாது, வாசலில் காத்திருப்பவர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். கூடத்தில் மட்டுமே நின்றவர் இதற்குப் பரிமாறுபவரைத் திட்டுவார். தொட்டியருகே நின்றவர் நேராக உள்ளே போய் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்துவார்.

கீழிருந்து ஏறி வருவது இந்தத் தொழிலின் பழைய வழக்கமும்கூட. 1850-இல் சுவிட்சர்லாந்தின் ஒரு சிற்றூரில் பிறந்த சீசர் ரிட்ஸ், பயிற்சிக்குச் சேர்ந்த முதல் விடுதியிலேயே "உனக்கு இந்தத் தொழில் வராது" என்று அனுப்பப்பட்டவர் என்று சொல்வார்கள். பாரிஸில் பரிமாறுபவராக இருந்து, பிறகு லண்டனின் சவாய் ஹோட்டலை நிர்வகித்து, 1898-இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். ஓபராய் ஹோட்டல்களை நிறுவிய மோகன் சிங் ஓபராய் 1922-இல் சிம்லாவின் சிசில் ஹோட்டலில் எழுத்தராகச் சேர்ந்தார். 1934-இல் அதே ஊரில் கிளார்க்ஸ் ஹோட்டலை வாங்கினார். ஆகவே ஆரம்பத்தைச் சொல்வதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: அதைக் கண்ணீர்க் கதையாக்கிவிடாதீர்கள். "கழுவும் பிரிவில் தொடங்கினார்" என்ற ஒரு வரி போதும்.

மற்ற வேலைகளையும் வெறும் பதவிப் பெயராக அடுக்காமல், அங்கே என்ன கற்றிருப்பார் என்று கேட்டு எழுதுங்கள். பயணக் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது சரக்கு தீர்ந்துவிட்டால் வாங்க வழியில்லை; துறைமுகத்தில் ஏற்றியதை வைத்துத்தான் அடுத்த துறைமுகம் வரை ஓட்ட வேண்டும். சரக்கைக் கணித்துப் பழகியவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று உண்டா? விருந்துப் பிரிவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும், பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் வந்த தற்காலிக ஆட்களாக இருப்பார்கள். உதவி மேலாளராக இருந்தபோது கணக்கு கையில் வந்திருக்கும். உணவுப் பொருளுக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவைச் சேர்த்து பிரைம் காஸ்ட் என்பார்கள். பல உணவகங்களில் அதுவே வருமானத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆகிவிடும். அதை அவர் எப்படிக் கையாண்டார் என்று அவரிடமே கேளுங்கள். பழைய நிறுவனத்தின் விற்பனைத் தொகையை மட்டும் எழுதாதீர்கள், அது அவர்கள் வீட்டுக் கணக்கு.

"விருந்தோம்பலில் தீராத ஆர்வம் கொண்டவர்" என்ற வாக்கியம் எழுத வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் பக்கம் இப்படித் தொடங்கட்டும்: "கழுவும் பிரிவில் தொடங்கி, கூடத்தில் கேப்டனாகி, கப்பலிலும் விருந்துப் பிரிவிலும் பெரிய கூட்டங்களைக் கவனித்தவர். நமது சமையலறையும் கூடமும் இனி இவர் பொறுப்பில்."

இடைவெளிக்கு வருகிறேன். படிப்போ, உடல்நலமோ, குடும்பமோ, அது அவருடைய விஷயம். அவராகச் சொல்லச் சொன்னால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அதை மூடுவதற்காக முந்தைய வேலையின் ஆண்டை நீட்டிவிடக் கூடாது. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கூட வேலை பார்த்த ஒருவர் படித்தாலே போதும், மேலாளர் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார்.

முதலாளி சொன்ன ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இருவருக்கும் ஒரே பக்கம் சரிவராது. வாடிக்கையாளருக்கு மூன்று நான்கு வரியும் ஒரு படமும் போதும். ஊழியர் வேறு கண்ணோடு படிப்பார்: ஷிஃப்ட் மாறுமா, விடுப்பை இனி யாரிடம் கேட்பது, இந்த மாத அட்டவணை செல்லுமா? அந்தப் பதில்கள் இல்லாத அறிமுகம் அவருக்கு வெறும் தாள். போகும் மேலாளருக்கும் ஒரு வரியில் நன்றி சொல்லுங்கள். "புதிய அத்தியாயம்", "புதிய உச்சம்" என்றெல்லாம் எழுதினால், இத்தனை நாள் உழைத்தது வீண் என்றுதான் பழைய ஆட்கள் காதில் விழும்.

எழுதி முடித்ததும் வருகிறவரிடமே காட்டி, பெயரின் எழுத்தும் ஆண்டுகளும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குத் தெரிவதற்கு முன் ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடாமல், ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரும் கூடும் நேரத்தில் அவரையே ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். கழுவும் பிரிவில் இருப்பவர்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர்களைத்தான் விட்டுவிடுவார்கள்.