பெயர் தெரியாத இரண்டு ஊழியக்காரிகள்

நேயர்களுக்கு வணக்கம். ஆதி கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசும்போது பேதுரு, பவுல் என்று தொடங்குவது வழக்கம். நான் இன்று இரண்டு அடிமைப் பெண்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியின் வடபகுதியில், பித்தினியா-பொந்து என்றொரு ரோம மாகாணம் இருந்தது. கி.பி. 112 வாக்கில் அங்கே ஆளுநர் இளைய பிளினி. கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்து அவர் முன் நிறுத்துகிறார்கள். "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாவது தடவையும் ஆமாம் என்றால் மரண தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பச் சொல்கிறார். அப்புறம், கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று வருகிறது; அதில் ஏகப்பட்ட பெயர்கள். ஆளுநருக்குக் குழப்பம். பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்கிறார்.

பிளினி எழுதிய அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. விசாரணையில் தெரியவந்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுவார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறிமாறிப் பாடுவார்கள். திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள். கூடவே இன்னொன்று: நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று கைவிரிக்கமாட்டோம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த பணத்தைப் பற்றிய கவலை! பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சேர்ந்து சாப்பிடுவார்கள். சாதாரண, தீங்கில்லாத சாப்பாடு.

பிளினிக்கு இது போதவில்லை. இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரிக்கிறார். சபையார் அவர்களை 'மினிஸ்திரே' என்று அழைத்தார்களாம். ஊழியக்காரிகள் என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கெங்கிரேயா என்ற ஊரின் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண்ணுக்கும் 'ஊழியக்காரி' என்ற இதே சொல்தான். ஊரார் கண்ணில் வெறும் அடிமைகள். சபைக்குள்ளே பொறுப்பு வகித்தவர்கள். வதைத்தும் 'அளவுமீறிய மூடநம்பிக்கை' தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். பெயர்களை எழுதவில்லை.

டிராஜனின் பதில் சுருக்கமானது. தேடிப் பிடிக்க வேண்டாம். குற்றம் நிரூபணமானால் தண்டிக்கலாம். மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடலாம். மொட்டைக் கடிதங்களை ஏற்கவே கூடாது. அந்த இரண்டு பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.