மேக்கப் சாமானை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

(காட்சி: மேசை மேல் மூடி திறந்த சிவப்பு லிப்ஸ்டிக். கேமரா மெல்ல நெருங்குகிறது.)

இதைக் கொஞ்சம் கிட்ட பாருங்க. மேல பொடிப்பொடியா முத்து கோத்த மாதிரி நிக்குதா? தண்ணி இல்லங்க, எண்ணெய். போன கத்திரி வெயில்ல ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில கைப்பையோட மறந்துட்டுப் போயிட்டேன். ரெண்டு மணி நேரம்தான்.

லிப்ஸ்டிக்னா மெழுகு பிடிச்சு வச்சிருக்கிற எண்ணெய், அவ்ளோதான். தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு, பலதுல கூடவே நம்ம விளக்கெண்ணெய். சூடு ஏறினா மெழுகோட பிடி தளரும், எண்ணெய் வெளிய வந்து வேர்க்கும்.

அன்னிக்கு வந்த கோவத்துல மேக்கப் பை மொத்தத்தையும் ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிட்டேன். சிலது பிழைச்சுது. சிலதை நானே கெடுத்தேன்.

(காட்சி: இரண்டு சீரம் பாட்டில்கள். ஒன்று தெளிவாக, ஒன்று தேன் நிறத்தில்.)

நல்லா பிழைச்சது முகத்துல தடவுற வைட்டமின் சி சீரம். காத்தும் வெளிச்சமும் பட்டா அது மஞ்சளாகி, பழுப்பாகி, வீரியம் போயிடும். சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். 10 டிகிரி ஏறினா வேதிவினை ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகமாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அறை 34 டிகிரி, ஃபிரிட்ஜ் 4 டிகிரின்னா, வேகம் எட்டுல ஒரு பங்கா குறையும். ஆனா ஏற்கெனவே பழுத்துப்போன சீரத்தை உள்ள வச்சு வெள்ளையாகும்னு காத்திருக்காதீங்க.

கெட்டதுல முதல்ல போனது காம்பாக்ட் பவுடர். ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்த சில்வர் பாட்டில் மேல தண்ணி பூக்கும்ல? அதே ஈரம் பவுடர் மேலயும் படியும். தினமும் எடுத்து எடுத்து வச்சேன், ஒரு மாசத்துல மேல பக்கு கட்டிருச்சு, பிரஷ்ல ஒண்ணும் ஒட்டல.

அடுத்து ஃபவுண்டேஷன். அதை ஃபிரிட்ஜோட பின்சுவரை ஒட்டி வச்சிருந்தேன். அங்க உறைஞ்சிருக்கு. தண்ணியும் எண்ணெயும் கலந்த பால் மாதிரி சாமான் அது, உறைஞ்சு இளகினா பிரிஞ்சிடும். கையில ஊத்தினா திரிஞ்ச பால்!

அப்போ எவ்வளவு குளிர் போதும்? பிரான்ஸ்ல, வெர்சாய்ல, ஓஸ்மோதெக்னு ஒரு வாசனைத் திரவியக் காப்பகம் 1990லேர்ந்து இருக்கு. பழைய பெர்ஃப்யூம்களை இருட்டுல, எதோடயும் வினை புரியாத ஆர்கான் வாயு நிரப்பி, 12 டிகிரியில வச்சிருக்காங்க. பாருங்க, 4 டிகிரிகூட இல்ல. வெளிச்சம் படக்கூடாது, காத்து படக்கூடாது, சூடு ஏறி இறங்கக் கூடாது.

(காட்சி: கையளவு பிங்க் நிற மினி ஃபிரிட்ஜ்.)

இந்தக் குட்டி ஃபிரிட்ஜைப் பத்தியும் கேக்கறீங்க. இதுல பலதுல கம்ப்ரஸரே கிடையாது. பெல்டியர் தகடு. கரண்ட் பாஞ்சா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளிய இருக்கிற சூட்டுலேர்ந்து 15, 20 டிகிரி குறைச்சா பெரிய விஷயம். 36 டிகிரி அறையில உள்ள 16, 21ன்னு நிக்கும். ஜில்லுனு இருக்கும்ங்கிற விளம்பரம் சும்மா. ஆனா லிப்ஸ்டிக்குக்கு அதுவே தாராளம். ஏசி ரூம்ல பீரோவோட கீழ்த்தட்டு இருந்தா நான் இந்தக் குட்டி ஃபிரிட்ஜை வாங்கவே மாட்டேன்.

மஸ்காராவுக்கு எந்தக் குளிரும் உதவாது. ஒவ்வொரு தடவை பிரஷ் உள்ள போகும்போதும் கிருமி கூடவே போகுது. குளிர்ல அது தூங்கும், சாகாது. லேபிள்ல திறந்த டப்பா படத்துக்குள்ள 6Mனு போட்டிருந்தா, திறந்து ஆறு மாசம். ஃபிரிட்ஜுல வச்சாலும் அதே ஆறு மாசம்தான்.

கடைசியா, ஃப்ரீசருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்க. காஜல் பென்சில் வெயில்ல கொழகொழன்னு ஆகி, சீவும்போதெல்லாம் உடையுதா? பத்து நிமிஷம் உள்ள போடுங்க.

(காட்சி: ஷார்ப்னரிலிருந்து பென்சில் சீவல் அறுபடாமல் சுருண்டு விழுகிறது.)