10 லட்சம் கையெழுத்து சேர்ந்தா ஐரோப்பாவுல சட்டம் வந்துடுமா?

அடுத்த கேள்வி பாரிஸ்லேர்ந்து. "10 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டா ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டே ஆகணுமாமே? எனக்கு பிரெஞ்சு குடியுரிமை இல்ல, வதிவிட அட்டைதான் இருக்கு. நான் போடலாமா?"

ரெண்டாவதை முதல்ல முடிச்சிடுவோம். போட முடியாதுங்க. அங்க பாக்குறது குடியுரிமையை, எங்க குடியிருக்கீங்கங்கிறதை இல்ல. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு குடிமகன் போடலாம், நீங்க போட முடியாது. சுவிஸ், நார்வே, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். ஆனா ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனு போட ஒன்றியத்துக்குள்ள வசிச்சாலே போதும். ஒரே ஆள் ஆன்லைன்லயே போடலாம். விஷயம் ஒன்றியத்தோட அதிகாரத்துக்குள்ள வரணும், உங்களை நேரடியா பாதிக்கணும்.

இப்ப அந்த 10 லட்சம். சட்டம் வேணும்னு குடிமக்களே கையெழுத்து சேர்த்துக் கேக்குற இந்த முறை, 'குடிமக்கள் முன்முயற்சி'ன்னு 2012 ஏப்ரல்லேர்ந்து நடைமுறையில இருக்கு. தொடங்கவே ஏழு வேற வேற உறுப்பு நாட்டுல வசிக்கிற ஏழு குடிமக்கள் வேணும். பதிவானதும் ஆறு மாசத்துக்குள்ள கையெழுத்து வாங்க ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சு 12 மாசத்துல வாங்கி முடிச்சிடணும்.

பல பேர் சறுக்குறது மொத்தக் கணக்குல இல்லைங்க, நாட்டுக் கணக்குல. குறைஞ்சது ஏழு நாட்டுல தனித்தனி வரம்பைத் தாண்டணும். ஐரோப்பிய நாடாளுமன்றத்துல அந்த நாட்டுக்கு இருக்கிற எம்.பி. எண்ணிக்கையை, அங்க இருக்கிற மொத்த எம்.பி. எண்ணிக்கையான 720ஆல பெருக்கிப் பாருங்க. ஜெர்மனிக்கு 96 எம்.பி., அப்ப 69,120. மால்டாவுக்கு 6 பேர், 4,320. ஒரே நாட்டுல 10 லட்சம் வாங்கிட்டு வந்தா அது செல்லாது.

காகிதப் படிவத்துல இன்னொரு வம்பு. ஒரு தாள்ல ஒரே நாட்டுக் குடிமக்கள்தான் போடணும். தெருவுல மேசை போட்டு வாங்கும்போது ஒரே தாள்ல ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர்னு கலந்துடுவாங்க. சில நாட்டுக்காரங்க அடையாள அட்டை எண்ணும் எழுதணும். கடைசியில அந்தந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்த்துக் கழிப்பாங்க. அதனால வரம்புக்கு மேல தாராளமா வாங்கி வைக்கணும்.

எல்லாம் தாண்டினாலும் சட்டம் கட்டாயம் இல்ல. ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அமைப்பாளர்களைச் சந்திக்கணும், நாடாளுமன்றத்துல விசாரணை நடக்கணும், ஆறு மாசத்துக்குள்ள ஆணையம் காரணத்தோட பதில் சொல்லணும். அவ்வளவுதான் கட்டாயம். குடிநீர் உரிமை கேட்ட முன்முயற்சி 2013ல 16 லட்சத்துக்கு மேல கையெழுத்தோட போச்சு. அதோட தாக்கத்துல திருத்தின குடிநீர்ச் சட்டம் 2020லதான் வந்துச்சு. பண்ணை விலங்குகளைக் கூண்டுல அடைக்கிறதை நிறுத்தச் சொன்ன முன்முயற்சிக்கு, 2023க்குள்ள சட்ட வரைவு தர்றோம்னு ஆணையமே 2021ல சொல்லிச்சு. 2023 முடிஞ்சப்பவும் அது வரல.