நூறு தொட்டியில் பத்துத் தொட்டி
(உதகமண்டலத்தில் முதல் சீசனுக்கு முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, சீசன் வேலை தலைக்கு மேல் கிடக்கும் நேரத்திலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளே, வனத்துறை நண்பர்களே, பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, விழாக் குழுவினரே, பின்வரிசையில் இடம் போதாமல் நின்றுகொண்டிருக்கும் நம் தாவரவியல் பூங்காப் பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். உங்களைக் கடைசியில் சொன்னது மரியாதைக் குறைவால் அல்ல. மேடையின் வழக்கம் அப்படி. இந்த ஊரில் மே மாதம் பூக்கும் பூவெல்லாம் உங்கள் கை பட்டு வந்தவை. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று எனக்கு முன் பேசிய மூவரும் பூங்காவின் அழகைக் குறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். ஆகவே அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

நான்கு செய்திகள் வைத்திருக்கிறேன், கடைசியில் ஒரு கோரிக்கையும் வரும்: நூறு தொட்டியில் பத்துத் தொட்டி இந்த மண்ணின் செடிக்கு. மலர்க் காட்சிக்கு நாற்று எப்படித் தயாராகிறது என்பது ஒன்று. எதனால் கெட்டுப்போகிறது என்பது இரண்டு. பார்க்க வருகிறவர்கள் பூங்காவை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது மூன்று. சமவெளியில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நான்கு. நான்குக்கும் சேர்த்து ஒரு பழமொழி: அகல உழுவதை விட ஆழ உழு.

இந்த மலைக்கு முதல் மலர்க் காட்சி வந்தது 1896-இல். காட்சி நடப்பது மே மாதத்தில் என்றாலும் வேலை குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. நாள் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். காட்சி மே 15 என்று வையுங்கள். குட்டை மேரிகோல்டு இந்தக் குளிரில் பூக்க ஏறத்தாழ 75 நாள் எடுக்கும்; மார்ச் முதல் தேதி விதைத்தால் போதும். சால்வியாவும் பெட்டூனியாவும் 105 நாள் வரை போகும். ஜனவரி கடைசிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். பேன்சி, ஆன்டிரினம் இரண்டுக்கும் 125 நாள் கணக்கு வைத்து ஜனவரி 10-ஐத் தாண்டக் கூடாது. பிகோனியா அதற்கும் முந்தியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் மேரிகோல்டு ஏப்ரலிலேயே பூத்துக் கொட்டிவிடும், பேன்சி காட்சி முடிந்த பிறகு சிரிக்கும்.

ஜனவரியில் இங்கே உறைபனி. நாற்றுத் தட்டுகள் பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் தாள் கூடாரத்துக்குள் இருக்கும். வெளியே பாத்தியில் நிற்கும் செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பனிக்குப் போர்வையாகப் பரப்பி வைக்கிறார்கள். விடிந்ததும், வெயில் ஏறும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். உறைந்த இலை மேல் வெயில் சுள்ளென்று விழுந்தால் மதியத்துக்குள் இலை கறுத்துவிடும். ஒருநாள் மறந்தாலும் ஒரு பாத்தி போய்விடும்.

விதைப்பில் நடக்கும் பெரிய தவறு நெருக்கம். பிகோனியா, பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும். உலர்ந்த சன்ன மணலோடு கலந்து தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விட வேண்டும். அடர்த்தியாக முளைத்த தட்டில் காற்று புகாது. அதோடு சாயங்காலத்தில் தண்ணீரும் விட்டால் இரவெல்லாம் தண்டு ஈரமாக நிற்கும். மறுநாள் பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு நூலாக இளைத்து, நாற்றுகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். சாய்ந்த பகுதியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மண்ணோடு எடுத்து வெளியே போட்டுவிட்டு, மீதிக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம். ஆனால் மருந்தைத் தேடும் முன் விதையைக் குறையுங்கள். ஒரு தட்டில் ஆயிரம் முளைத்து எண்ணூறு சாவதை விட, முந்நூறு முளைத்து முந்நூறும் நிற்பது மேல். அகல உழுவதை விட ஆழ உழு!

தொட்டிக்கு வருவோம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு. அடித் துளையின் மேல் ஓட்டுச் சில்லைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்க்க வேண்டும். மல்லாத்தி வைத்தால் துளை அடைத்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் மண் போடாமல் விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பிய தொட்டியில் ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடும், வேர் காய்ந்தே கிடக்கும். சால்வியாவுக்கு நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் செடி புதராக நிற்கும், பூ இருக்காது. தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மலர் மாடத்துக்குத் தொட்டியை ஏற்றும்போது மூன்றில் ஒரு பங்கு மொட்டு விரிந்திருந்தால் போதும். முழுக்க விரிந்ததை ஏற்றினால் மூன்றாம் நாள் படிக்கட்டெல்லாம் இதழ் கொட்டிக் கிடக்கும்.

கோடை மழையும் ஆலங்கட்டியும் நம் கையில் இல்லை. மழை நின்றதும் பெட்டூனியாவின் நனைந்த பூக்களை உடனே கிள்ளி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் சாம்பல் பூஞ்சணம் பூவிலிருந்து தண்டுக்கு இறங்கும். இரண்டாம் செய்தியை இத்தோடு நிறுத்துகிறேன். ஏனென்றால் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பூங்கா பூவுக்காகத் தோன்றியதே இல்லை. 1845-இல் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். முட்டைக்கோசும் கேரட்டும் மலிவாகக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அது சரியாக ஓடவில்லை. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்தார். தொட்டபெட்டா அடிவாரத்துச் சரிவையும் சதுப்பையும் திருத்தி, இன்று 22 ஹெக்டேரில் நாம் பார்க்கும் பூங்காவுக்கு வடிவம் கொடுத்தார்.

கதை அதுவல்ல, சின்கோனா. மலேரியா மருந்தான குயினைன் இந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது; மரமோ தென் அமெரிக்க மலைக்காட்டுக்கு உரியது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெரு நாட்டிலிருந்து கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தார். ஆண்டிஸ் மலைக் குளிரில் வளர்ந்த கன்று செங்கடலின் வெக்கையைத் தாங்குமா? நீலகிரிக்கு வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. அத்தனை கடலும் தாண்டி வந்து கடைசிப் படியில் விழுந்தது! விட்டார்களா? ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டைச் சின்கோனாக் கன்றுகளை ராபர்ட் கிராஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினார். 1861 ஏப்ரலில், இதே முதல் சீசன் நேரத்தில், நானூறுக்கும் மேற்பட்ட கன்றுகள் உதகைக்கு உயிரோடு வந்தன. வாங்கிக்கொண்டவர் மெக்ஐவர். பதியம் போட்டார், துண்டு நட்டார், ஒற்றை மொட்டிலிருந்துகூடக் கன்று எடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

அப்புறம்தான் சிக்கல். பட்டையில்தான் மருந்து. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துவிடும். மெக்ஐவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டையை நெடுக்காகக் கீற்றுக் கீற்றாக எடுத்தார். ஒரு கீற்றை எடுத்தால் அடுத்த கீற்றை விட்டுவைத்தார். உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. சோதித்துப் பார்த்தால் அந்தப் புதுப் பட்டையில் குயினைன் பழையதை விட அதிகம்! அவருக்கு நம் பழமொழி தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் செய்தது ஆழ உழுத வேலை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாசியை நான் இழுத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தூர தேசத்து மரத்துக்கு அத்தனை பாடுபட்ட இந்தத் தோட்டக்கலை மரபு, பக்கத்துச் சோலைக் காட்டின் காட்டுப் பூவரசுக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறது? சிவப்புக் கொத்தாகப் பூக்கும் நம்முடைய ரோடோடென்ட்ரான்தான் அது. அதன் விதையும் பிகோனியா மாதிரி தூசிதான். ஈரமான படுக்கையின் மேல் தூவி, மூடாமல், வெயில் நேரே படாமல் வைத்தால் முளைக்கும். படுக்கைக்காகச் சோலைக்குள் போய்ப் பாசி சுரண்ட வேண்டாம். கழுவிய தென்னை நார்க் கழிவு போதும். சுண்ணாம்பு கலந்த தண்ணீர் ஆகாது, மழைநீர் நல்லது. முதல் வருஷம் விரல் உயரம்கூட வராது. அதைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் தட்டைக் கொட்டிவிடுகிறார்கள்.

சோலை நாவல் வகைகளுக்கு முறையே வேறு. பழுத்து விழுந்த பழத்தை எடுத்து, சதையைக் கழுவி, காயவிடாமல் உடனே போட வேண்டும். உறையில் கட்டி அலமாரியில் வைத்த நாவல் விதை முளைக்காது. மலைச் செண்பகத்துக்கு விதையைச் சுற்றியுள்ள சிவப்புத் தோலைத் தேய்த்து நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பாதி நிழல், ஆழமான பை. நாற்றங்காலில் இரண்டு வருஷம் வைத்து, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நட வேண்டும். முதல் குளிர்காலத்தில் திறந்த வெளியில் விட்டால் பனி கொன்றுவிடும். மிலார் இதற்கும் வேண்டும். காப்புக்காட்டில் விதை எடுக்க வனத்துறை அனுமதி தேவை. அதிகாரிகள் இங்கேயே இருக்கிறார்கள், வெளியே போகும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்வத்தில் புல்வெளியில் குழி தோண்டிவிடாதீர்கள். இந்த மலையின் இயல்பு, மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். புல்லின் இடத்தில் எந்த மரம் நட்டாலும் தப்புதான். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட வாட்டில் மரக் கூட்டத்தை ஒரேயடியாக வெட்டித் தள்ளுவதும் ஆபத்து. மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும் அதன் விதை வெளிச்சம் பட்டதும் மொத்தமாக எழும். பல இடங்களில் வாட்டில் நிழலுக்கு அடியிலேயே சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன. அந்த நிழலைப் பயன்படுத்திக்கொண்டு, கன்று எழும்ப எழும்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவதே முறை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பூங்காவிலும் பள்ளி நாற்றங்கால்களிலும் வளர்க்கும் நூறு தொட்டியில் பத்துத் தொட்டி இந்த மண்ணின் செடிக்கு. மலர் மாடத்தில் பெட்டூனியா வரிசைக்குக் கீழே ஒரே ஒரு படி காட்டுப் பூவரசுக் கன்றுக்கும் குறிஞ்சிக்கும். பூ இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். குறிஞ்சி 2018-இல் பூத்தது, கணக்குப்படி இனி 2030-இல்தான். பூக்காத செடியைக் காட்சியில் வைப்பதா என்று கேட்பார்கள். 2 கோடி ஆண்டு வயதுக் கல்மரத் துண்டை இதே பூங்காவில் வைத்திருக்கிறோம், அது என்ன பூக்கிறதா? அகல உழுவதை விட ஆழ உழு.

மூன்றாவது, நான்காவது செய்திகளுக்கு மணி அடித்துவிட்டார்கள். மாடித் தோட்டக்காரர்கள் மன்னிக்க வேண்டும். ஓட்டுச் சில்லும் ஒரு அங்குல இடைவெளியும் உங்களுக்கும் பொருந்தும். கோரிக்கைத் தாள் வாசலில் இருக்கும் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் பள்ளி நாற்றங்காலில் எத்தனை தொட்டி ஒதுக்க முடியும் என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எண் இல்லாத கையெழுத்தை வைத்துக்கொண்டு துறையிடம் பேச முடியாது. தலைவர் அவர்களுக்கும், பொறுமையாக இருந்த உங்களுக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் நன்றி, வணக்கம்.